‘முகப்பு’ என்ற பெயரில் நாற்பத்தொரு சுட்டிகள்

போன மாதம் கைத்தறி பற்றிய பழைய நூல் ஒன்றின் மறுபதிப்புக்கு மெய்ப்புப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓர் இயலில் ‘அச்சு’ என்று வந்த தறிப் பாகம் அடுத்த இயலில் ‘பண்ணை’ ஆகிவிட்டது. நீளவாக்கில் ஓடும் பாவு இழைகள் பல்லுக்குப் பல் நுழைந்து வரும் சீப்புப் போன்ற சட்டம் அது. குறுக்கே போகும் ஊடை இழையை அடித்து நெருக்குவதும் அதுவே. இரண்டும் ஒன்றுதானா, இல்லை எனக்குத் தெரியாத வேறு பாகமா? ஆசிரியரைக் கேட்க வழியில்லை. அவர் காலமாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனில் ‘அச்சு’ நெசவுக் கருவியாகவே கிடைத்தது. ‘பண்ணை’ என்று இணையத்தில் தேடினால் கோழியும் மீனும் வந்தன.

அப்போதுதான் நினைவு தட்டியது. தறிச் சொற்களை ஊர்வாரியாகப் பட்டியல் போட்ட ஒரு தளத்தை எப்போதோ பார்த்திருக்கிறேன். பச்சைப் பின்னணியில் மஞ்சள் எழுத்து, கண்ணைக் கரித்தது. ‘இது ஒரு நாள் உதவும்’ என்று புக்மார்க்கும் செய்துவைத்தேன். அந்த ஒரு நாள் வந்துவிட்டது. புக்மார்க்கைத்தான் காணோம்.

என் உலாவியில் அன்றைக்கு 6,214 புக்மார்க்குகள் இருந்தன. ‘தமிழ்’ என்று ஒரு கோப்புறை, ‘தமிழ் 2’ என்று ஒன்று, ‘தமிழ் முக்கியம்’ என்று இன்னொன்று. ‘படிக்க’ இருக்கும்போதே ‘அவசியம் படிக்க’ ஏன் வந்தது என்பதற்கு என்னிடம் விளக்கம் இல்லை. பெயர் வைக்கவும் பொறுமை இல்லாமல் ‘புதிய கோப்புறை’ என்றே விட்டுவிட்டவை நான்கு. ‘இதர’ என்ற கோப்புறையில் மட்டும் இரண்டாயிரத்துக்கு மேல். வகைப்படுத்தப்பட்ட தொகுப்பில் மூன்றில் ஒரு பங்கு ‘இதர’ என்றால் அதற்கு வகைப்படுத்தல் என்று பெயர் இல்லை, பரண் என்று பெயர்.

‘தறி’ என்று தேடினேன். சேலைக் கடைகள் சில வந்தன. ‘தறிகெட்டு ஓடும் விலைவாசி’ என்று ஒரு நாளிதழ்த் தலையங்கம் வந்தது. ‘நெசவு’ என்று தேடினால் ஒன்றும் இல்லை. கடைசியில் எல்லாவற்றையும் ஒரே கோப்பாக ஏற்றுமதி செய்து, நோட்பேடில் திறந்துவைத்துக்கொண்டு, அரிசியில் கல் பொறுக்குவதைப் போல உட்கார்ந்தேன்.

அந்தக் கோப்பை ஒரு முறையாவது திறந்து பார்க்க வேண்டும். முதல் வரியிலேயே நெட்ஸ்கேப்பின் பெயர் இருக்கும். நெட்ஸ்கேப் உலாவிக்கான ஆதரவு 2008-லேயே நின்றுபோயிற்று. ஆனாலும் குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் இன்றைக்கும் அந்தக் காலத்துப் படிவத்தில்தான் புக்மார்க்குகளை எழுதித் தருகின்றன. ஆள் போனபின்னும் அவர் போட்ட லெட்ஜரில் கணக்கு எழுதிக்கொண்டிருக்கும் மளிகைக் கடைபோல. ஒவ்வொரு வரியிலும் முகவரி, தலைப்பு, அவற்றோடு பத்து இலக்க எண் ஒன்று. 1970 ஜனவரி முதல் தேதியிலிருந்து எத்தனையாவது வினாடியில் அதைச் சேர்த்தோம் என்பதுதான் அந்த எண்.

தமிழ் முகவரிகள் இந்தக் கோப்பில் படும் பாடு தனி. யூனிகோடில் ஒரு தமிழ்க் குறியீடு மூன்று பைட்டு. ஒவ்வொரு பைட்டும் முகவரியில் ஒரு விழுக்காட்டுக் குறியும் இரண்டு எழுத்தெண்களுமாக விரியும். ‘தமிழ்’ என்பது நமக்கு மூன்றெழுத்து. கணினிக்கு மூன்று எழுத்தும் இகரக் குறியும் புள்ளியும் சேர்ந்து ஐந்து. முகவரிக்குள் அது நாற்பத்தைந்து எழுத்தாகிவிடுகிறது. தமிழ் விக்கிப்பீடியாவின் ஒரு கட்டுரை முகவரி நோட்பேடில் இரண்டு வரியை அடைத்துக்கொள்ளும். அதைப் பார்த்து எது எந்தக் கட்டுரை என்று கண்டுபிடிப்பது நடக்காத காரியம். தலைப்பை நம்பித்தான் தேட வேண்டும்.

தலைப்புத்தான் காலை வாரியது. ஒரு பக்கத்தை புக்மார்க் செய்யும்போது, அந்தப் பக்கத்தைக் கட்டியவர் வைத்த தலைப்பையே உலாவி எடுத்துக்கொள்கிறது. கட்டியவர் அக்கறைப்படவில்லை என்றால் நம் கையில் கிடைப்பது ‘முகப்பு’. அல்லது ‘நல்வரவு’. என் கோப்பில் ‘முகப்பு’ என்ற பெயரில் மட்டும் நாற்பத்தொரு சுட்டிகள் இருந்தன. ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்து பார்த்தேன். இருபத்தேழாவது, நான் தேடியது. எண் 1313345427. கணக்குப் போட்டால் 2011 ஆகஸ்ட் 14, ஞாயிறு இரவு 11 மணி 40 நிமிடம். மறுநாள் சுதந்திர தின விடுமுறை என்பதால் விழித்திருந்திருக்கிறேன்.

சொடுக்கினேன். ஆன்லைன் ரம்மி விளையாட அழைத்தது ஒரு பக்கம்.

இந்த இடத்தில் அந்தப் பக்கத்தை விட்டுவிட்டு, இத்தனை ஆண்டுகள் என்னதான் செய்தேன் என்று சொல்ல வேண்டும். ஏனென்றால் நான் ஒழுங்கில்லாதவன் அல்லன். ஒழுங்குபடுத்துவதில் பெரிய ஆர்வம் உள்ளவன். அதுதான் சிக்கலே.

முதலில், புக்மார்க்குகளை இணையத்திலேயே சேர்த்துவைக்கும் டெலிஷியஸ் என்ற தளம். 2003-ல் ஜோஷுவா ஷாக்டர் தொடங்கியது. கோப்புறை கிடையாது, ஒவ்வொரு சுட்டிக்கும் எத்தனை குறிச்சொல் வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளலாம், மற்றவர்கள் எதை ஒட்டினார்கள் என்றும் பார்க்கலாம். அந்தக் காலத்தில் தமிழ் வலைப்பதிவர்கள் சிலரின் டெலிஷியஸ் பக்கங்களைப் பின்தொடர்வதே எனக்குக் காலை நாளிதழ். 2005-ல் யாஹூ வாங்கியது. 2011-ல் யூடியூபைத் தொடங்கியவர்கள் இருவர் வாங்கினார்கள். பிறகும் கை மாறி, 2017-ல் போட்டிச் சேவையான பின்போர்டை ஒற்றை ஆளாக நடத்திவந்தவரே வாங்கி, புதிதாக எதையும் சேர்க்க முடியாதபடி பூட்டினார். அதற்குள் பாக்கெட் என்ற சேவை வந்திருந்தது. 2007-ல் ‘பிறகு படிக்கலாம்’ என்ற பொருள்படும் பெயரோடு பிறந்து, 2017-ல் ஃபயர்ஃபாக்ஸைத் தரும் மோசில்லாவின் கைக்கு வந்து, 2025 ஜூலையில் மூடப்பட்டது. கூகுளுக்கே தனியாக ஒரு புக்மார்க் சேவை இருந்தது. அதை 2021-ல் நிறுத்தினார்கள்; நிறுத்திய பிறகுதான் இருந்ததே பலருக்குத் தெரிந்தது.

பெயர் வேண்டாம், இவை எதுவும் அல்லாத ஒரு சிறிய சேவையில் நானும் சில நூறு சுட்டிகளைப் பறிகொடுத்திருக்கிறேன். கெடு தேதியைச் சொல்லி மூன்று மின்னஞ்சல்கள் வந்திருந்தன. மூன்றையும் ‘பிறகு படிக்க’ என்று நட்சத்திரமிட்டு வைத்திருந்தேன்.

ஒவ்வொரு முறை இடம் மாறும்போதும் புதிதாக வகைப்படுத்துவேன். ஒரு சனிக்கிழமை முழுக்கப் போகும். எஸ்.ஆர். ரங்கநாதன் நினைவுக்கு வருவார். சீர்காழியில் 1892-ல் பிறந்து, மாநிலக் கல்லூரியில் கணக்கு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர். 1924-ல் சென்னைப் பல்கலைக்கழகம் அவரை நூலகராக்கியது. வந்த புதிதில் அந்த வேலை அவருக்குப் பிடிக்கவில்லை, கல்லூரிக்கே திரும்பப் பார்த்தார். பிறகு லண்டனுக்குப் படிக்கப் போன இடத்தில் ஒரு கடையில் மெக்கானோ பொம்மைப் பெட்டியைக் கண்டார். அதே பட்டைகளையும் திருகுகளையும் வைத்து ஒரு நேரம் பாலம் கட்டலாம், இன்னொரு நேரம் பாரந்தூக்கி கட்டலாம். நூல்களையும் இப்படித்தானே வகைப்படுத்த வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. ஒரு நூலுக்கு முன்கூட்டியே தீர்மானித்த ஒரே அறையைத் தராமல், அது எந்தப் பொருளைப் பற்றியது, அதில் நடக்கும் செயல் என்ன, எந்த ஊர், எந்தக் காலம் என்று கூறுகளாகப் பிரித்து, அவற்றைக் கோத்து ஓர் எண் உண்டாக்கினார். கோக்கும் திருகாக முக்காற்புள்ளியை வைத்தார். அதனால் அதற்குக் கோலன் பகுப்புமுறை என்று பெயர். வெளியான ஆண்டு 1933.

குறிச்சொல் பழக்கம் வந்தபோது உலகமே ஏதோ புதிதாகக் கண்டுபிடித்ததைப் போல மகிழ்ந்தது. சென்னையில் எழுபது ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் யோசித்த விஷயம் என்று எனக்கு உள்ளூர ஒரு பெருமை. காஞ்சிபுரம் நெசவுச் சொற்கள் பற்றிய ஒரு பக்கத்தை ‘நெசவு’க் கோப்புறையில் போட்டால் ‘சொற்கள்’ கோப்புறை ஏமாந்துபோகிறது. ‘காஞ்சிபுரம்’ கோப்புறைக்கு அது இருப்பதே தெரியாது. குறிச்சொல் என்றால் மூன்றிலும் இருக்கும். ஏட்டில் இது சரி. ஆனால் ரங்கநாதனிடம் ஒழுங்கு இருந்தது, என்னிடம் மனநிலைதான் இருந்தது. ஒரு நாள் ‘நெசவு’ என்று ஒட்டினேன், வேறொரு நாள் ‘கைத்தறி’, பின்னொரு நாள் ‘நெசவாளர்’. உற்சாகம் மிகுந்த ஓர் இரவில் ‘துகிலியல்’ என்றுகூட ஒட்டியிருக்கிறேன். யார் தேடப்போகிறார்கள் துகிலியல் என்று?

அவருடைய நூலக விதிகள் ஐந்தும் 1931-ல் நூலாக வந்தவை. நூலகம் வளரும் உயிரி என்பது ஐந்தாவது. அதைச் சொல்லிச் சொல்லியே 6,214 வரை வளர்த்துவிட்டேன். வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்ற நான்காவது விதியை வசதியாக மறந்தேன். இத்தனைக்கும் என் நூலகத்துக்கு இருப்பது ஒரே வாசகர்.

தமிழில் இன்னொரு தொல்லையும் உண்டு. ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் ‘வகைப்படுத்தாதே, தேடிக்கொள்ளலாம்’ என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். உலாவியின் தேடல் எழுத்துக்கு எழுத்து பொருத்திப் பார்ப்பது. நாமோ சொல்லின் வாலை மாற்றிக்கொண்டே இருப்பவர்கள். ‘மரம்’ என்று தேடினால் ‘மரத்தில் செதுக்கிய தேர்’ வராது. ‘வீடு’ என்று கேட்டால் ‘வீட்டுத் தோட்டம்’ அகப்படாது. ‘ஆறு’ என்று தேடினால் ‘ஆற்றங்கரை’ கிடைக்காது, ‘ஆறுதல்’ கிடைக்கும். வேற்றுமை உருபு, சாரியை, இரட்டிப்பு என்று பள்ளியில் படித்ததெல்லாம் இங்கே வந்து வழி மறிக்கிறது. ‘மர’ என்று பாதியில் நிறுத்தித் தேடலாம். மரபும் மரணமும் சேர்ந்து வரும், பரவாயில்லை. ‘வீ’ என்று தேடிப் பார்ப்பது வீண்.

இத்தனை சனிக்கிழமைகளைத் தொலைத்த பிறகு எனக்குப் புரிந்தது ஒன்றுதான். நான் இழந்தது இடத்தை அல்ல, காரணத்தை. ஒரு சுட்டி எந்தக் கோப்புறையில் இருக்கிறது என்பதை எப்படியாவது கண்டுபிடித்துவிடலாம். அதை ஏன் எடுத்துவைத்தேன் என்பது அந்தக் கணத்தில் மட்டுமே எனக்குத் தெரிந்திருந்தது. பத்து வினாடி செலவழித்து எழுதாததால் அது போயிற்று. ‘இதர’வில் கிடந்த இரண்டாயிரத்தில் பாதியைத் திறந்து பார்த்தபோது, பக்கம் உயிரோடு இருந்தும் ‘இது எதற்கு?’ என்று விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பால் பாக்கெட் பிரிக்கும் முறை பற்றி ஒரு காணொளி. போர்ச்சுகல் நாட்டு ரயில் அட்டவணை. நான் போர்ச்சுகல் போனதில்லை.

அதனால் இப்போது கோப்புறை என்று பெரிதாக எதுவும் வைத்துக்கொள்வதில்லை. சேமிக்கும்போது தலைப்புக் கட்டத்தில் இருப்பதை அழித்துவிட்டு, ஏன் என்று ஒரு வரி எழுதுகிறேன். ஃபயர்ஃபாக்ஸில் விளக்கம் எழுதத் தனிக் கட்டம் இருந்தது, 2018-ல் எடுத்துவிட்டார்கள். அதுவும் நல்லதற்கே. தலைப்பில் எழுதினால் எந்த உலாவிக்குப் போனாலும், எந்தச் சேவை மூடினாலும், அந்த நெட்ஸ்கேப் காலத்துக் கோப்பில் ஏறிக் கூடவே வரும். வரியின் கடைசியில் முக்கியமான பெயர்ச்சொற்களை உருபு ஏதும் ஒட்டாமல் தனியாகத் தட்டிவைக்கிறேன். ‘வல்லினம் மிகும் இடம் பற்றிய சண்டையில் காட்ட, பதிப்பாளருக்கு. சந்தி, பிழை.’ ‘மழைக்கால ஒழுகலுக்குச் சுண்ணாம்புப் பூச்சு, மேஸ்திரியிடம் கேட்க. வீடு, மாடி.’ இப்படி. ஒரு வரி எழுதும் அளவுக்குக் காரணம் தோன்றவில்லை என்றால் சேமிப்பதில்லை. எண்ணிக்கை குறைந்ததற்கு இதுதான் முழுக் காரணம். வேறு எந்த ஒழுக்கமும் எனக்குக் கைகூடவில்லை.

கைப்பேசியில் திறந்தபடி விட்டுவைத்திருக்கும் பக்கங்களைப் பற்றி இங்கே பேசாமல் இருப்பது மரியாதை. ஆண்ட்ராய்டு குரோமில் அவை நூறைத் தொட்டதும் எண்ணிக்கை காட்டுவதை நிறுத்திவிட்டு ஒரு சிரிப்புக் குறி வருகிறது. அது சிரிப்பது நம்மைப் பார்த்துத்தான்.

ஆனால் காரணத்தை எழுதிவைத்தாலும் பக்கம் இருக்க வேண்டுமே. பியூ ஆய்வு மையம் 2024-ல் வெளியிட்ட ஆய்வின்படி, 2013-ல் இருந்த வலைப்பக்கங்களில் 38 விழுக்காடு பத்தாண்டில் காணாமல் போயிருக்கின்றன. தமிழ்ப் பக்கங்கள் சாவதற்கு இன்னும் சில வழிகள் உண்டு. யூனிகோடு பரவும் முன் ஒவ்வொரு இதழும் தனக்கென ஓர் எழுத்துரு வைத்திருந்தது. அந்த எழுத்துரு இல்லாமல் இன்றைக்குத் திறந்தால் பக்கம் இருக்கும், தமிழ் இருக்காது. கோணல்மாணலான லத்தீன் எழுத்துகள் வரிசை கட்டி நிற்கும். மதுரைத் திட்டத்தைப் போல 1998-லிருந்து பாடுபட்டு, பழைய குறியாக்கத்திலிருந்து யூனிகோடுக்குப் பெயர்த்துக் காப்பாற்றியவர்கள் இருக்கிறார்கள். தனி ஆட்கள் கட்டிய தளங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

முகவரி மட்டும் செத்து, பக்கம் பிழைத்த கதையும் உண்டு. தமிழ்ப் பதிவர்கள் நிறையப் பேர் குடியிருந்த பிளாக்ஸ்பாட் என்ற இலவச வலைப்பதிவுச் சேவை, 2012-ல் நாட்டுக்கு ஒரு முகவரி என்று மாற்றியது. இந்தியாவிலிருந்து பார்த்தால் முகவரியின் வால் ‘காம்’ என்பதற்குப் பதில் ‘இன்’ என்று மாறிவிடும். பிறகு அந்த ‘இன்’ முகவரி 2020-ல் அவர்கள் கையை விட்டே போயிற்று. அந்த இடைப்பட்ட காலத்தில் நான் சேர்த்த பதிவுகள் எல்லாம் ஒரே நாளில் செத்துவிட்டதாக நினைத்து இரண்டு நாள் துக்கம் காத்தேன். பிறகு யாரோ சொல்லி, ஏற்றுமதிக் கோப்பில் அந்த ‘இன்’னைத் தேடி ‘காம்’ என்று மாற்றச் சொல்லி ஒரு கட்டளை கொடுத்தேன். முந்நூற்றுச் சொச்சம் சுட்டிகள் எழுந்து உட்கார்ந்தன. நீங்களும் அந்தக் காலத்தில் சேர்த்தவர் என்றால் இன்றைக்கே செய்து பாருங்கள்.

உண்மையில் இழக்க மனமில்லாத பக்கங்களுக்கு இப்போது இரண்டு காரியம் செய்கிறேன். ஒன்று, இணைய ஆவணகத்தின் வேபேக் இயந்திரத்தில் முகவரியைக் கொடுத்து ஒரு படி எடுக்கச் சொல்வது. இரண்டு, பக்கத்தை முழுதாக என் கணினியிலேயே இறக்கிவைப்பது. எல்லாவற்றுக்கும் அல்ல, மாதத்துக்கு நாலோ ஐந்தோ. அப்படி இறக்கத் தோன்றாதவை என்னிடமிருந்து போனாலும் எனக்குத் தெரியப்போவதில்லை.

சரி, அந்த ரம்மிப் பக்கம். முகவரியை வேபேக் இயந்திரத்தில் கொடுத்தேன். இரண்டு படிகள் இருந்தன. திறந்தால் அதே பச்சை, அதே மஞ்சள். பழைய எழுத்துரு என்பதால் எழுத்துகள் மட்டும் குழம்பிக் கிடந்தன. ஒரு மாற்றியில் ஒட்டி யூனிகோடுக்குக் கொண்டுவந்தேன். ‘நல்வரவு. இடப்பக்கம் உள்ள பட்டியலில் சொடுக்கவும்’ என்று இருந்தது. இடப்பக்கம் ‘தறிச் சொற்கள்’ என்று ஒரு வரி. சொடுக்கினேன். அந்தப் பக்கத்துக்குப் படி இல்லை.

அதன்பிறகுதான் நடந்தது விளங்கிற்று. அந்தக் காலத்துத் தளங்களில் திரையைச் சட்டங்களாகப் பிரித்து, இடப்பக்கம் பட்டியல், வலப்பக்கம் உள்ளடக்கம் என்று கட்டுவார்கள். உள்ளே எங்கே போனாலும் மேலே முகவரி மட்டும் மாறாது, முகப்பின் முகவரியே நிற்கும். 2011-ன் அந்த ஞாயிற்றுக்கிழமை இரவு நான் பார்த்துக்கொண்டிருந்தது சொற்பட்டியலை. புக்மார்க் செய்தது வாசற்கதவை. பதினாலு ஆண்டுகளுக்கு மேலாகப் பத்திரமாக வைத்திருந்தது அந்தக் கதவைத்தான்.

மணி ஆறரை ஆகியிருந்தது. காஞ்சிபுரத்தில் பட்டுத்தறி வைத்திருக்கும் ஒருவரின் எண் என்னிடம் இருந்தது. தங்கை திருமணத்துக்குப் புடவை எடுத்தபோது கொடுத்தது. எப்போதும் தறியில் இருப்பாரே, தொந்தரவு செய்ய வேண்டாமே என்று அழைக்காமல் இருந்தேன். அழைத்தேன்.

“பண்ணை என்பது என்னங்க அண்ணே? அச்சும் அதுவும் ஒன்றா?”

“ஒன்றுதான் தம்பி. நாங்கள் பண்ணை என்போம், வேறு பக்கம் போனால் அச்சு என்பார்கள். ஏன், தறி போடப் போகிறாயா?”

பேசி முடித்தபோது கைப்பேசி காட்டிய நேரம் நாற்பத்து மூன்று வினாடி. மெய்ப்பில் இரண்டு சொற்களையும் அப்படியே விட்டு, முதலில் வரும் இடத்தில் ஓர் அடிக்குறிப்பு சேர்த்தேன். அந்தச் சுட்டியை அழிக்க மனம் வரவில்லை. ‘முகப்பு’ என்பதை அழித்துவிட்டுத் தலைப்புக் கட்டத்தில் எழுதினேன்: ‘பண்ணையும் அச்சும் ஒன்று. பக்கம் போய்விட்டது, திறக்காதே. காஞ்சிபுரத்து அண்ணனைக் கேள், ஆறரைக்கு மேல். தறி, நெசவு, சொல்.’